கொதிகலன் அழக் கூடாது

உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு குந்தியிருந்த ஹிராகாவின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, பொதுக் குளியல்கூடத்து முதலாளி ஒகிட்சு இன்றைக்கும் ஆரம்பித்துவிட்டார்.

"வாத்தியாரே, என்னைக் கொன்னுடுங்க. நல்லவனா மட்டும் ஆக்கிடாதீங்க."

ஹிராகா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். கண்ணில் சோப்பு போனது ஒரு காரணம் மட்டும்தான்.

டோக்கியோவில் குளிக்க வேறு இடமா இல்லை என்று கேட்பீர்கள். அந்தக் கடைத்தெருவில் இல்லை. முடிவெட்டும் கடை மாடியில் அவனுக்கிருந்த அறையில் மேசை போட்டதும் படுக்கை விரிக்கவே இடமில்லை. அந்த மேசையில்தான் சிறுவர் பத்திரிகைக்காக வாராவாரம் அமானுஷ்ய மல்லர்களை மோதவிட்டுப் படக்கதை வரைந்துகொண்டிருந்தான். அவசரமாக ஒரு வில்லன் தேவைப்பட்டபோது, மண்டையில் ஒன்றும் உதிக்காமல், தினமும் பார்க்கிற ஒகிட்சுவின் முகத்தைத் தூக்கி ஒட்டிவிட்டான். அதே அகன்ற தாடை, அதே சேர்ந்த புருவம். காது வழியே வரும் ஆவி மட்டும் அவன் கைச்சரக்கு. பெயர், கொதிகலன்.

ஒகிட்சு சண்டைக்குப் போவார் என்று தெருவே ஆசையாகக் காத்திருந்தது. வந்ததென்னவோ பிள்ளைப் பட்டாளம். வீட்டில் குளியலறை உள்ளதுகள்கூட வந்து, "மாமா, ஒரு தடவை முறைங்க!" என்று கெஞ்சின. அவர் முறைப்பார். அலறிக்கொண்டு வெந்நீரில் குதிக்கும். மூடிவிடலாம் என்று சுமியே என்ற அவர் மனைவி புலம்பிக்கொண்டிருந்த கூடத்தில் செருப்பு விட இடமில்லை.

ஆனால் பத்திரிகைக்கு ஒரு வழக்கம். தோற்ற வில்லன் அழ வேண்டும், திருந்த வேண்டும், அடுத்த வாரமே நாயகனுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். அப்படி நின்ற ஒருத்தன் பெயரும் இப்போது எந்தப் பிள்ளைக்கும் ஞாபகமில்லை. காலையில்தான் ஆசிரியர் போனில் சொன்னார்: "கொதிகலன் இந்த வாரம் திருந்தணும். கண்ணீர் பெருசா இருக்கட்டும்."

"கொன்னா எழுப்பச் சொல்வாங்க அண்ணே. எங்க கதையில எவன் செத்து நிம்மதியா இருந்திருக்கான்?" என்றான் ஹிராகா.

"எழுப்புங்களேன்!"

"எழுந்து வந்து அழணும்."

ஒகிட்சு பெருமூச்சு விட்டார். "இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இத்தனை வருஷம் சிரிச்சுப் பாத்தாச்சு. ஒருத்தன் திரும்பிப் பாக்கல. நான் அழவே மாட்டேன் வாத்தியாரே."

தடுப்புச் சுவருக்கு அப்பால் பெண்கள் பகுதியைக் கழுவிக்கொண்டிருந்த சுமியேயின் குரல் வந்தது: "டிவி நாடகத்துக்கே மூக்கச் சிந்துற ஆளு! நம்பாதீங்க!"

"நீ தரையத் தேய்!"

ஹிராகாவுக்குப் பொறுமை போயிற்று. "சரி, படுங்க. தோத்துட்டீங்க. அழாம என்ன பண்ணுவீங்க, காட்டுங்க."

கால்சட்டையைச் சுருட்டிவிட்டு ஒகிட்சு ஈரத் தரையில் மல்லாந்தார். கூரையை முறைத்தார். தோற்றவனின் முறைப்பு, இதுவரை எந்தப் பிள்ளைக்கும் காட்டாதது. காகிதம் ஏது? ஆவி படிந்த கண்ணாடியில் ஹிராகா விரலாலேயே வரைந்தான். தாடை, புருவம், உலர்ந்த இரண்டு கண்கள்.

"இப்படியே அனுப்பறேன். ஆசிரியர் கத்தினா கத்தட்டும். வந்து பாருங்க."

வெளியே பிள்ளைகள் கதவைத் தட்டத் தொடங்கியிருந்தன. ஒகிட்சு எழுந்து கண்ணாடியருகே வந்தார். வரைந்த கண்களின் ஓரத்தில் நீர் திரண்டு, ஒரு கோடு மெல்லத் தாடையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. துடைத்தால் முகமே போய்விடும். கட்டைவிரலை நீட்டியபடி, எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.