பக்கத்து இருக்கையின் பிரேக்

என் வீட்டுக்காரர் ஒரு காரிடம் முதன்முதலில் கேட்டது சத்தம். இப்போது கேட்பது கைப்பிடி. இரண்டுக்கும் நடுவில் நாற்பத்தோரு வருஷம் போயிருக்கிறது.

கல்யாணமான புதிதில் ஒரு சிவப்புக் கார் வைத்திருந்தார். இரண்டே கதவு. பின்னால் உட்கார வேண்டுமென்றால் உடம்பை மூன்றாக மடிக்க வேண்டும். தெருமுனையில் திரும்பும்போதே அடுப்படியில் எனக்குக் கேட்க வேண்டும் என்று சைலன்சரில் என்னவோ செய்துவைத்திருந்தார். எனக்கு மட்டுமா கேட்டது, தெருவில் தூங்கிய குழந்தைகளுக்கெல்லாம் கேட்டது. அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்து போவதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதுதான் அப்போது என் ஆசை. அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைகள் பிறந்ததும் சிவப்பு போய், கழுவினால் சீக்கிரம் காய்கிற சீட் வந்தது. பெரியவனுக்கு எந்த வளைவைக் கண்டாலும் வாந்தி. நாற்பத்தைந்து வயதில், தன் தம்பி நீளமாக ஒரு வண்டி வாங்கினார் என்று இவர் அதைவிட ஒரு சாண் நீளமாக வாங்கினார். அது எங்கள் கேட்டுக்குள் நுழையவில்லை. இரண்டு வருஷம் தெருவிலேயே நின்றது. காலையில் பல் துலக்கும் முன்னால் போய், கீறல் விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அவ்வளவு அக்கறையாக நெற்றியைத் தொட்டதில்லை.

இதெல்லாம் சொந்த வண்டி. பிழைப்புக்கு அவர் உட்கார்ந்தது வேறு வண்டியில், வேறு இருக்கையில். டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். முப்பத்து நாலு வருஷம் பக்கத்து இருக்கையில், காலடியில் தனக்கென்று தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. கடைசி வகுப்பன்று ஓடுகிற வண்டியில் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் இருக்கை மேல் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொள்வார். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார். “மாஸ்டர் காலைத் தூக்கிட்டாரு” என்றால் அந்த ஆள் இனிமேல் தனியாக ஓட்டலாம் என்று அர்த்தம். அரசாங்கம் கொடுக்கிற லைசென்ஸைவிட அந்தச் சம்மணத்துக்கு ஊரில் மதிப்பு அதிகம்.

எனக்கு மட்டும் அவர் காலைத் தூக்கியதில்லை.

எனக்குச் சொல்லிக்கொடுக்காமல் இல்லை. முப்பத்திரண்டு வயதில் ஒரு தடவை, நாற்பதில் ஒரு தடவை. நான் பிரேக்கை மிதிக்கலாம் என்று நினைப்பதற்குள் என் காலுக்கடியில் பெடல் தானாகக் கீழே போய்விடும். அந்தப் பக்கத்துப் பெடலை அவர் மிதித்தால் ஒரு கேபிள் என் பெடலை இழுக்கும். நான் மிதித்தால் அவருடையது அசையாது. எங்கள் குடித்தனமும் கொஞ்சம் அப்படித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தடவையும் நடுரோட்டில் வண்டியை விட்டு இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

ஐம்பத்தெட்டில், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே போட்டி டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தேன். முதல் முயற்சியிலேயே லைசென்ஸ் வாங்கினேன். அவர் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள், லைசென்ஸில் என் போட்டோ நன்றாக இல்லை என்றார்.

இப்போது எனக்கு அறுபத்து மூன்று, அவருக்கு அறுபத்தெட்டு. போன வருஷம் அவருக்குக் கண்ணில் ஓரப்பார்வை சுருங்க ஆரம்பித்தது. நேரே இருப்பது தெரியும், பக்கவாட்டில் வருவது தெரியாது. ஓட்டவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஸ்கூலை மூடினார். கடைசியாக மிஞ்சிய ஒரு ஸ்கூல் வண்டி மட்டும் விற்பனைக்காக வாசலில் நின்றது. மகள் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். அடுத்த மாதம் பிரசவம் என்று தேதி கொடுத்திருந்தார்கள். புது வண்டி வாங்குவது, நான் ஓட்டுவது, அவள் எப்போது கூப்பிட்டாலும் கிளம்புவது என்று முடிவாயிற்று.

ஷோரூமில் இருந்த விற்பனையாளர் அவரைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். “சார், பிக்கப் பிரமாதமா இருக்கும்.”

“பிக்கப்பை விடுங்க. சீட்டு எவ்வளவு உயரம்?” என்றார் இவர். கதவைத் திறந்து உட்கார்ந்து எழுந்தார், உட்கார்ந்து எழுந்தார். ஏழு தடவை எண்ணினேன். கதவுக்கு மேலே இருந்த கைப்பிடியைத் தொங்குகிற மாதிரி இழுத்துப் பார்த்தார். சத்தம் வருகிறதா என்று கேட்டார். வராது என்றதும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. சிவப்புக் கார்க்காரரா இவர் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

“உங்களுக்கு என்னம்மா வேணும்?” என்று கடைசியில் என்னையும் ஒரு வார்த்தை கேட்டார் விற்பனையாளர்.

“சாவி,” என்றேன்.

வண்டி வர பத்து நாள் ஆகும் என்றார்கள். மூன்றாம் நாள் மெக்கானிக் போன் செய்தார். இருபது வருஷமாக எங்கள் ஸ்கூல் வண்டிகளுக்கெல்லாம் இரண்டாவது பெடல் மாட்டியவர்.

“அக்கா, புது வண்டி என்னைக்கு வருது? மாஸ்டர் பெடல் செட் மாட்டச் சொல்லியிருக்காரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு. ஆனா உங்க கோபம் எனக்குத் தெரியும்ல, அதான்.”

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. அவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நேரே போய்ப் பேப்பரைப் பிடுங்கினேன்.

“என் வண்டியில உங்களுக்கு எதுக்கு பிரேக்கு?”

உளறிக்கொட்டிய ஆள் யார் என்று உடனே புரிந்துவிட்டது அவருக்கு. “மலை ரோடும்மா. ஒரு பாதுகாப்புக்குத்தான். இருந்துட்டுப் போகட்டுமே.”

“அஞ்சு வருஷமா ஸ்கூல் வண்டியை ஓட்டறேன். எங்கயாவது இடிச்சிருக்கேனா?”

“பக்கத்துல நான் இருந்தேன்ல?”

உங்கள் கண்ணை நம்பியா, என்று கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே பேச்சு முடிந்திருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. வேறு எதைச் சொன்னாலும் மனுஷன் தாங்குவார், இதைத் தாங்க மாட்டார்.

“அந்தப் பெடலை மாட்டினா நான் சாவியைத் தொட மாட்டேன். ரெண்டு பஸ் மாறி பொண்ணு வீட்டுக்குப் போய்க்கறேன். நீங்க வாசல்ல நின்னு வண்டியைத் தடவிப் பாத்துட்டு இருங்க.”

“நீ தொடாட்டி போ. பெடல் இல்லாம நான் ஏற மாட்டேன்.”

அவர் பிடித்த பிடியை விடுகிறவர் இல்லை. நானும் இல்லை. ஆனால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இந்தப் பெடலை மாட்டவிட்டால் இருக்கிற காலம் முழுக்க நான் அவருடைய கற்றுக்குட்டிதான். பேரனோ பேத்தியோ பின்னால் உட்கார்ந்து பார்த்தாலும், வண்டியை ஓட்டுவது பாட்டி, நிறுத்துவது தாத்தா. அது நடக்கக் கூடாது.

மறுநாள் சாயங்காலம் அவர் கண் டாக்டரைப் பார்க்கப் போன நேரத்தில் மெக்கானிக்கை வரச் சொன்னேன். வாசலில் நின்ற ஸ்கூல் வண்டியைக் காட்டினேன்.

“மாஸ்டர் பெடல்லேருந்து கேபிளைக் கழட்டிடு.”

மெக்கானிக் திடுக்கிட்டுப் பார்த்தார். “அக்கா, அவரு காலுக்குத் தெரியாம இருக்குமா? மிதிச்ச உடனே கண்டுபிடிச்சிடுவாரு.”

“அடியில ஒரு ஸ்பிரிங்கைக் கட்டு. மிதிச்சா பழைய மாதிரியே இருக்கணும்.”

“ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா?”

“என் பக்கத்து பிரேக் இருக்குல்ல? போன மாசம் நீதானே புதுசு போட்டே? உன் வேலை மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?”

மெக்கானிக் ஸ்பேனரை எடுத்தார். வண்டிக்கடியில் படுத்தார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது சமாதானக் கொடி காட்டினேன். “நாளைக்குக் காலையில ஸ்கூல் வண்டியில ஊரைச் சுத்துவோம். உங்க பெடல் இருக்கு. எத்தனை தடவை நீங்க மிதிக்க வேண்டியிருக்குன்னு நீங்களே எழுதுங்க. நிறைய வந்துச்சுன்னா புது வண்டியிலயும் மாட்டிக்கோங்க, நான் வாயே திறக்கல.”

மனுஷனுக்கு வாயெல்லாம் பல். பழைய வருகைப் பதிவு நோட்டையும் பேனாவையும் அப்போதே எடுத்து வைத்துவிட்டார்.

காலையில் பள்ளிக்கூட வாசல், பஸ் நிலையம், சந்தைத் தெரு என்று நெரிசலான இடமாகப் பார்த்து ஓட்டினேன். சைக்கிளில் மெத்தையைக் கட்டிக்கொண்டு ஒருவர் குறுக்கே திரும்பினார். பக்கத்தில் டக்கென்று கால் மிதித்த சத்தம். வண்டி நின்றது. “ஒண்ணு,” என்று நோட்டில் ஒரு கோடு போட்டார். நின்றிருந்த வேனின் கதவு திடீரென்று திறந்தது. டக். வண்டி நின்றது. “ரெண்டு. பாத்தியா?” என்றார்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் காலுக்கடியில் பெடல் தானாக இறங்கவில்லை. நான் மிதித்தேன், அது இறங்கியது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஒரு வண்டியை முழுக்க நானே நிறுத்துவது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு தடவையும் எனக்குள் கொண்டாட்டம். வெளியே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். நாய்க்கு ஒன்று, பந்துக்கு ஒன்று, போனைப் பார்த்துக்கொண்டே ரோட்டில் இறங்கியவர்களுக்கு மூன்று. ஒன்பது வரைக்கும் வந்துவிட்டது.

பஸ் நிலையத்துக்கு எதிரே நின்றிருந்த பஸ்ஸைத் தாண்டும்போது, அதன் முன்னாலிருந்து ஒரு அம்மா பையோடு இறங்கி நடந்தார். இவர் உட்கார்ந்திருந்த பக்கம்தான். நான் மிதித்தேன். வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது.

டக் சத்தம் வரவில்லை.

“ஏன் நிறுத்தினே?” என்றார். அந்த அம்மா வண்டிக்கு முன்னால் வந்து, நடுவில் நின்று, எங்களை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார். அப்போதுதான் இவர் பார்த்தார். நான் கியரைப் போட்டேன். அவர் நோட்டில் கோடு போடவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் நோட்டை என் பக்கம் நீட்டினார். “பதினொண்ணு. பதினொரு தடவை காப்பாத்தியிருக்கேன். இதுக்கு மேல என்ன சொல்லணும்?”

“கீழ குனிஞ்சு பாருங்க,” என்று டார்ச்சைக் கொடுத்தேன்.

முழங்கால் வலியோடு இறங்கி, கதவோரம் மண்டி போட்டு, பெடலுக்கடியில் வெளிச்சம் அடித்தார். பழைய ஸ்பிரிங் ஒன்று கட்டியிருந்தது. கழற்றிய கேபிள் சுருட்டி ஓரமாகச் செருகியிருந்தது. அதை விரலால் இழுத்துப் பார்த்தார். அது எதையும் இழுக்காமல் கையோடு வந்தது.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பதில் தயாராக இருந்தது. அவர் வண்டியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“எப்பலேருந்து?”

“நேத்து சாயந்திரத்துலேருந்து.”

“அப்ப அந்த மெத்தைக்காரன்?”

“நான்தாங்க.”

“வேன் கதவு?”

“எல்லாமே நான்தாங்க.”

நோட்டை வெகுநேரம் பார்த்தார். “அந்த அம்மாவை நான் பாக்கவே இல்ல,” என்றார்.

ஜெயித்த சந்தோஷம் எல்லாம் பாதியிலேயே வடிந்துபோயிற்று. நான் சொல்லக் கூடாது என்று விழுங்கிய வார்த்தையை அவரே சொல்லிவிட்டார். அவர் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் பேனாவைத் திறந்து, பதினொன்றை அடித்துவிட்டு, பன்னிரண்டு என்று திருத்தி எழுதினார்.

பிறகு மறுபடியும் குனிந்து பார்த்தார். “ஸ்பிரிங்கை நல்லாத்தான் கட்டியிருக்கான் களவாணி,” என்றார்.

புது வண்டி பெடல் இல்லாமல்தான் வந்தது. வந்த ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்கு மகள் கூப்பிட்டாள். வலி தேதிக்கு முன்னாலேயே வந்துவிட்டதாம், ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறாளாம். “அம்மா, மெதுவா வா. ஆனா வந்துடு,” என்றாள். பதினைந்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டோம்.

சமதளத்தில் அவர் கைப்பிடியை விடவே இல்லை. மலையடிவாரம் வந்தது. முதல் வளைவில் எதிரே ஒரு லாரி. பக்கத்தில் கால்மிதியின் மேல் டக். நான் மெதுவாக்கி, ஒதுங்கி, லாரிக்கு வழி விட்டு ஏறினேன். இரண்டாவது வளைவிலும் டக், ஆனால் கொஞ்சம் மெதுவாக. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்து ஓட்ட வேண்டும் என்று போட்டி ஸ்கூலில் நன்றாகவே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

மூன்றாவது வளைவுக்கு முன்னால் ஒரு சத்தம் கேட்டது. முதலில் என்ன என்று புரியவில்லை. செருப்பு கழலும் சத்தம். அப்புறம் இருக்கை பின்னால் நகர்ந்தது. ஒரு கால் மேலே ஏறியது. இன்னொரு கால் தானாக வரவில்லை. பேன்ட்டைப் பிடித்துக் கையாலேயே தூக்கி வைத்து, சம்மணத்தை ஒருவழியாகப் போட்டு முடித்தார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நான் சொன்னது ஒரே வசனம்தான்: மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, இப்ப விடலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது நான்தான் என்று அந்த வளைவில் தெரிந்தது. விட்டேன். கண் கலங்கியது, புறங்கையால் துடைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பினேன்.

மற்றவர்களுக்குக் காலைத் தூக்கிய நாட்களில்கூட அவர் கண்ணை ரோட்டிலிருந்து எடுத்ததில்லை என்பார்கள். ஐந்தாவது வளைவில் அவர் குறட்டை விட ஆரம்பித்தார்.