நீர்மாலைக்கு ஓர் இடம்

"பேர் சொல்லு."

"சண்முகசுந்தரம்."

"வயசு?"

"இருபத்திமூணு முடிஞ்சிருச்சு."

"எங்க ஜாகை?"

"மேற்கு மாம்பலம் சார். சொந்த ஊரு திருநவேலிப் பக்கம். பாண்டி பஜார்ல பாத்திரக் கடையில வேல பாக்கேன்."

மேனேஜர் வெங்கடரமணன் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை. மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த சின்னக் கல்யாண மண்டபம் அது. ஆபீஸ் அறை மின்விசிறி தட்டித் தட்டிச் சுற்றியது. நாற்காலியைக் காட்டியும் சண்முகம் உட்காரவில்லை.

"என்ன விசேஷம்?"

காலையிலிருந்து இது மூன்றாவது மண்டபம். முதல் இரண்டிலும் உள்ளதை உள்ளபடி சொன்னான். ஒன்றில் வாட்ச்மேன் அவனைக் கேட்டுக்கு வெளியே போய் நின்று பேசச் சொன்னார். இன்னொன்றில் அவன் நகர்ந்த உடனே, அவன் நின்ற இடத்தில் ஒரு பெண் வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினாள். அதனால் இப்போது வாய் அந்தச் சொல்லை விட்டுவிட்டு ஊர்ச் சொல்லைப் பிடித்துக்கொண்டது.

"நீர்மாலை எடுக்கணும் சார். ரெண்டு மணி நேரம் எடம் குடுத்தாப் போதும். குழா இருக்கணும்."

"மாலையா?"

"ஆமா சார்."

"எத்தனை பேர் வருவா?"

"நானு, எங்க அக்கா. கடையிலேர்ந்து நாலஞ்சு பேரு வரலாம்."

"அவ்வளவுதானா? பெரியவா யாரும் கெடையாதா?"

"யாரும் வர்ற மாதிரி இல்ல சார்."

"என்னிக்கு?"

சண்முகம் மேசைக் கண்ணாடியைப் பார்த்தான். அதன் அடியில் யார் யாருடைய கல்யாணப் பத்திரிகைகளோ மஞ்சள் பூத்துக் கிடந்தன.

"இன்னைக்கு இருக்கும். இல்லன்னா நாளைக்கு. உறுதியாச் சொல்ல முடியல."

வெங்கடரமணன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதோ பார், என்கிட்ட மறைக்காதே. வருஷத்துக்கு ரெண்டு மூணு பேர் இப்படித்தான் வேர்த்துக் கொட்டிண்டு வந்து நிக்கறா. மாடி ஹால் காலியாத்தான் இருக்கு. பின்பக்கக் கேட்டால வந்து, மாலையை மாத்திண்டு, தாலியக் கட்டிண்டு, சத்தம் போடாமப் போயிடுங்கோ. மொதலாளிக்கு நான் சொல்லிக்கறேன். பொண்ணாத்துக்காரா தேடிண்டு வருவாளோ?"

அப்போதுதான் சண்முகத்துக்கு விளங்கியது. மாடி ஹால். பின்பக்கக் கேட். குழாய். தலையை ஆட்டினால் போதும். ஒரு தடவை உள்ளே கொண்டுவந்துவிட்டால் யார் தூக்கி வெளியே வைக்கப் போகிறார்கள். அவன் தலை லேசாக அசைந்தது.

"பொண்ணுக்கு என்ன வயசு? பதினெட்டு ஆயிடுத்தோல்லியோ? அது ஒண்ணுதான் நேக்கு பயம்."

"அம்பத்திரண்டு."

வெங்கடரமணனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் பாதியில் நின்றுவிட்டது.

"யாரைச் சொல்றே நீ?"

"எங்கம்மா சார். அடையாறு ஆஸ்பத்திரியில இருக்கா. இன்னைக்குத் தாண்டாதுன்னுட்டாங்க. செத்துப்போனா நீர்மாலை எடுத்துக் குளிப்பாட்டணும். அதுக்குத்தான் எடம்."

அவர் மெதுவாக உட்கார்ந்தார்.

"முடியாதுப்பா. சாயங்காலம் கீழ ஒரு சீமந்தம்."

"மாடியிலதான சார். யாருக்கும் தெரியாம..."

"பிள்ளைத்தாச்சிப் பொண்ணு உள்ள நுழையறா. மேல அது. நீயே சொல்லு."

சண்முகம் திரும்பினான். கதவருகே போனபோது அவர் கேட்டார்.

"இன்னும் இருக்காளோ?"

"இருக்கா சார். காலையில கண்ணு முழிச்சா."

"அப்பறம் இங்க என்னடா பண்ணிண்டிருக்கே?"

ஆட்டோ மந்தைவெளியைத் தாண்டுகிறவரை அந்தக் கேள்வி அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது. அவன் வேண்டுமென்றா அலைந்தான்? அவர்கள் குடியிருந்த பின்கட்டுக்கு முன்வீட்டில் வீட்டுச் சொந்தக்காரர் கிச்சா மாமாவின் மகள் ஸ்ரீலக்ஷ்மிக்குக் கல்யாணம். வாசலில் பந்தக்கால் நட்டாயிற்று. நேற்று மாமாவே ஆஸ்பத்திரிக்கு ஃபிளாஸ்க்கில் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, படிக்கட்டில் நின்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆத்துக்கு மட்டும் கொண்டு வந்துடாதேடா கொழந்தே." கெஞ்சுகிறவரிடம் சண்டை போட முடியவில்லை.

ஊருக்குக் கொண்டுபோகவும் வழியில்லை. அங்கே மிச்சமிருந்த பெரியப்பா படுக்கையில் கிடந்தார். அம்மா அதெல்லாம் கேட்கவும் இல்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள், மருந்து மயக்கம் தெளிந்திருந்த ஒரு மத்தியானத்தில். "என்னைய இந்த நாத்தத்தோட நேரா சுடுகாட்டுக்குக் கொண்டு போயிராதீய. எண்ணெ சீயக்கா வச்சு, நீர்மாலை எடுத்துக் குளிப்பாட்டிப் போடுங்க. ஒங்க அப்பாவுக்குச் செஞ்சாப்ல."

அப்பாவுக்கு வாய்க்காலில் இருந்து எடுத்தார்கள். சண்முகம் முங்கி எழுந்து செம்பில் தண்ணீர் மொண்டு வந்தான். தலைக்கு மேலே வெள்ளை வேட்டியை நாலு பேர் நாலு முனையில் விரித்துப் பிடித்து வந்தார்கள். முன்னால் சங்கு. வீட்டு முற்றத்தில் அந்தத் தண்ணீரில்தான் அப்பாவைக் குளிப்பாட்டியது. சுடுகாட்டிலும் குழாய் இருக்கும்தான். ஆனால் அங்கே பெண்கள் வர மாட்டார்கள். அம்மாவை அக்கா குளிப்பாட்டாமல் வேறு யார் குளிப்பாட்டுவது?

வார்டுக்கு வெளியே பெஞ்சில் தங்கம் உட்கார்ந்திருந்தாள். மடியில் அம்மாவின் போர்வை. நாலாக மடித்து, ஓரம் ஓரமாகச் சேர்த்து வைத்திருந்தாள். தம்பியைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"எடம் கெடச்சுதால?"

அவன் போர்வையைப் பார்த்தான்.

"எப்பக்கா?"

"எடம் கெடச்சுதான்னு சொல்லு மொதல்ல."

"கெடச்சிருச்சு."

"எங்கன?"

"மயிலாப்பூர்ல. மாடி ஹாலு. குழா இருக்கு."

தங்கம் மூச்சை விட்டாள். போர்வையை வயர்க்கூடையில் எண்ணெய்க் குப்பி, சீயக்காய், செம்பு, புது வேட்டி எல்லாவற்றுக்கும் மேலே வைத்து அழுத்தினாள்.

"நானும் அவட்ட அப்படித்தான் சொன்னேன். தம்பி எடம் பாத்துட்டாம்மான்னு. காதுல விழுந்துச்சோ என்னமோ."

ஆஸ்பத்திரிக்கு வெளியே வாடகைக்கு நின்ற மெட்டடார் வேனை ஓட்டுகிறவர் ஜவஹர். அம்மாவை ஏற்றும்போது, "மெதுவா, மெதுவா, தலை இந்தாண்ட" என்று தன் வீட்டு பீரோவை ஏற்றுவதுபோல ஏற்றினார். தங்கம் பின்னால் ஏறி, வளைவுகளில் சறுக்காமல் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க நைனா?"

"மயிலாப்பூர்."

அடையாறு பாலம் வந்தது. கீழே ஆறு கறுப்பாக அசையாமல் கிடந்தது.

"மயிலாப்பூர்ல எங்க?"

சண்முகம் நேரே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேக்காருல்லா, எங்கன்னு சொல்லேம்ல" என்றாள் தங்கம் பின்னாலிருந்து.

"எடம் இல்லக்கா."

வேன் பாலத்தைக் கடந்தது.

"மாடி ஹாலுன்னியே."

"குடுக்கேன்னுதான் சொன்னாரு. நான் யாரையோ இழுத்துட்டு வந்து தாலி கட்டப் போறேன்னு நெனச்சிட்டாரு. பொண்ணுக்கு என்ன வயசுன்னு கேட்டாரு. நான் அம்பத்திரண்டுன்னுட்டேன்."

தங்கத்திடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்புதான். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டும் நிற்கவில்லை. தோள் குலுங்கியது. அது எந்த இடத்தில் வேறொன்றாக மாறியது என்று சண்முகத்துக்குத் தெரியவில்லை. அவன் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

ஜவஹர் வண்டியை ஓரம் கட்டினார். "இன்னா நீங்க? அம்மாவ வெச்சிக்கினு சிரிச்சிக்கினு கீறீங்க. எடம் இல்லாம இன்னாத்துக்கு வண்டிய எடுக்கச் சொன்னே? நேரா சுடுகாட்டுக்கு உட்டுறவா?"

"வேண்டாம்ணே." சண்முகம் அவர் கையை, கியர் மேலிருந்த கையை, பிடித்துவிட்டான். "ரெண்டு மணி நேரம் இந்த வண்டிய வாடகைக்குக் குடுங்க. இதுலயே வச்சுக் குளிப்பாட்டிக்கிடுதோம்."

"வண்டிலயா?"

"வேற எடம் இல்லண்ணே."

ஜவஹர் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். தங்கம் இன்னும் காலை விடவில்லை.

"ரெண்டு மணிலாம் ஆவாது. ராயப்பேட்டைல இன்னொண்ணு வெயிட்டிங்ல கீது. ஒரு மணி நேரம். தர ஏற்கெனவே ஓட்டைதான், தண்ணி நிக்காது." கியரைப் போட்டார். "எங்கூட்டாண்ட பம்பு கீது. வா."

பட்டினப்பாக்கத்தில் மீன்கடைகள் முடிகிற இடத்தில் அடிபம்பு இருந்தது. சாலை அங்கே குறுகல். வேன் பாதியை அடைத்துக்கொண்டது.

"இன்னா ஜவகரு, வேவாரத்த கெடுக்கறியா? பொணத்த கொண்ணாந்து கட எதுர்ல நிறுத்திக்கினு" என்றாள் ஒரு மீன்காரி.

"அரமணி நேரம் வாய மூடிக்கினு இரும்மே. பொம்பளப் பொணம்."

அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே கூடையை இழுத்துக்கொண்டாள்.

சண்முகம் சட்டையைக் கழற்றிவிட்டுப் பம்படியில் உட்கார்ந்தான். ஜவஹர் அடித்தார். தண்ணீர் உப்புக் கரித்தது. நனைந்த வேட்டியோடு எழுந்து செம்பை நிரப்பினான். புது வேட்டியைப் பிரித்தபோதுதான் நாலு முனை என்பது நினைவுக்கு வந்தது. ஜவஹர் ஒன்றைப் பிடித்தார். "டேய் மச்சி, வாங்கடா இங்க" என்று அவர் கூப்பிட்டதும் வலை பிரித்துக்கொண்டிருந்த மூன்று பேர் லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவன் ஏதோ கேட்க வாயெடுத்து, சண்முகத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டான். மீன் செதிள் ஒட்டிய விரல்கள். பம்பிலிருந்து வண்டிக்குக் கொஞ்ச தூரம்தான். கூடுமானவரை மெதுவாக நடந்தான்.

செம்பைத் தங்கம் வாங்கிக்கொண்டாள். பின்பக்கக் கதவை முக்கால்வாசி சாத்தி, இடைவெளியில் அம்மாவின் சேலையைக் கட்டினாள். அதன்பின் அவன் பம்புக்கும் வண்டிக்குமாக நடந்துகொண்டிருந்தான். சேலைக்கு அடியிலிருந்து ஒரு கை வரும், செம்பை வாங்கும். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். வண்டியின் தரையிலிருந்து சீயக்காய் நுரை மணலில் சொட்டியது.

பின்னால் ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றது. ஹாரன் அடித்தது. உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் தொடங்கியது. ஓர் ஆட்டோ அடித்தது. மறுபடி நின்றது.

"அக்கா?"

"ஒண்ணுமில்ல. அந்தச் சத்தத்துக்குச் செம்பு கைய விட்டு நழுவுதுல."

சண்முகம் லாரியிடம் போய்ச் சொன்னான். ஆட்டோவிடம் போய்ச் சொன்னான். அதற்குள் அவற்றுக்குப் பின்னால் இரண்டு ஸ்கூட்டர்கள். ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லி முடியாது. ஜவஹரிடம் கேட்டு, சீட்டுக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்தான். மீன்கடைப் பலகையில் விலை எழுதும் சாக்கட்டியை அந்த மீன்காரி எட்டி நீட்டினாள். முதலில் 'பிண' என்று எழுதிவிட்டு அதைக் கையால் அழித்தான். ஈரக் கையில் அட்டை ஊறியது. மறுபடி எழுதி, கதவுக் கைப்பிடியில் சொருகி வைத்துவிட்டு, செம்பை எடுத்துக்கொண்டு பம்புக்குப் போனான்.

"உள்ள எங்கம்மா குளிக்காங்க. கொஞ்ச நேரம் ஹாரன் அடிக்காதீங்க."