இழைத்த துடுப்பு

முகமது ரபீக்குக்கு நன்றி சொல்ல வராது. கெட்ட ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. மனசு நிறைய இருக்கும், தொண்டை வரைக்கும் வரும், அதற்கு மேல் வழி தெரியாமல் உள்ளேயே திரும்பிப் போய்விடும். யாராவது ஒரு நல்லது செய்தால் மறுநாள் அவர்கள் வீட்டில் போய் நிற்பான். ஒழுகுகிற குழாயைச் சரி பண்ணுவான், கதவுக்கு எண்ணெய் விடுவான், வந்த காரியத்தைச் சொல்லாமலே திரும்பிவிடுவான். கட்டுமாவடியில் பல வீட்டுக் கதவுகள் கிறீச்சிடாமல் இருப்பதற்கு இவனுடைய சொல்லாத நன்றிகள்தான் காரணம்.

ஆனால் பெண்டாட்டிக்கு எந்தக் கதவில் எண்ணெய் விடுவது? அங்கேதான் மாட்டிக்கொண்டான்.

சவுதியில் அவன் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பியவன் கொஞ்ச காலம் வீட்டை விட்டே வெளியில் வரவில்லை. அப்போது குடும்பத்தை ஓட்டியது சாமியாவின் கராத்தே வகுப்பு. கல்யாணத்துக்கு முன்பே கருப்புப் பட்டை வாங்கியவள் அவள். பள்ளிக்கூடம் விட்டபிறகு பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். வகுப்பு ஆரம்பிக்கப் போகிறேன் என்று முன்பு போனில் அவள் சொன்னபோது, "பொம்பளப் புள்ளைகளுக்கு என்னத்துக்கு இந்தக் குத்துச்சண்டை?" என்று சவுதியிலிருந்து கத்தியவன் இதே ரபீக்தான்.

ஒருநாள் பக்கத்து வீட்டு ரம்லத் பீவி வந்து, "ஒம் புருசன் சும்மாத்தானே இருக்காரு, நீ ஏம்மா இப்படிக் கெடந்து அல்லாடுறே?" என்று கேட்டாள். சாமியா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அவரு ரெஸ்ட்ல இருக்காரு மாமி. இந்த கிளாஸ எடுன்னு சொன்னதே அவருதான்" என்றாள். உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்த ரபீக்கின் காதில் இது விழுந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். இப்படி ஒரு பொய்யை யார் அவனுக்காகச் சொல்லியிருக்கிறார்கள்? அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய நன்றி அது. சொல்லவில்லை. பிறகு சிநேகிதன் சிராஜின் போட்டில் பங்குக்குக் கடலுக்குப் போக ஆரம்பித்தான், நாள் ஓடியது, நன்றி மட்டும் நெஞ்சுக்குள் முள் மாதிரி நின்றுவிட்டது.

இப்போது சாமியாவுக்கு ஒரு பரீட்சை வந்தது. அறந்தாங்கியில் ஒரு பள்ளிக்கூடம் அவளைப் பயிற்சியாளராக எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆனால் ஆயுதப் பிரிவிலும் கருப்புப் பட்டை வேண்டும் என்றார்கள். சாமியா எடுத்துக்கொண்ட ஆயுதத்தின் பெயர் ஏக்கு.

ஏக்கு என்றால் வேறொன்றும் இல்லை, துடுப்புதான். ஜப்பானுக்குத் தெற்கே ஒகினாவாத் தீவில், கரையில் வம்புக்கு வந்தவர்களை மீனவர்கள் கையில் இருந்த துடுப்பாலேயே விரட்டினார்களாம். அதையே ஒரு வித்தையாக்கிவிட்டார்கள். ஆள் உயரத்துக்கு இருக்கும். அலகின் ஒரு முகம் லேசாக வளைந்திருக்கும். மறு முகத்தில் நடுவே கூரை முகடு போல ஒரு முதுகு எழும்பி நிற்கும். அடி கொடுப்பதும் அடி தாங்குவதும் அந்த முதுகின் பலத்தில்தான். அலகால் மணலை அள்ளி எதிராளியின் கண்ணில் வீசுவது இதில் பேர்போன வித்தை. கட்டுமாவடிக் கரையில் சாமியா அதைப் பழகும்போது பக்கத்தில் நின்றவர்களெல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இதையெல்லாம் அவள் ரபீக்கிடமும் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் விளக்கமாகச் சொன்னாள். ஐயா அப்போது கையில் போனை வைத்துக்கொண்டு "ம்" கொட்டினார். காதில் தங்கியது 'துடுப்பு' என்ற ஒரு சொல் மட்டும்தான்.

பரீட்சைக்கு முன்வாரம் சாமியா கராத்தே சங்கத்தின் பயிற்சிக்குத் திருச்சி போனாள். அங்கே பழகுவதற்கு வேறு ஏக்கு இருந்ததால் தன்னுடையதை வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். ரபீக் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மனசே ஆறவில்லை. போட்டுக்குக் கொண்டுபோய் சிராஜிடம் காட்டினான்.

"யாருடா இதச் செதுக்குனது?" என்றான் சிராஜ்.

"பொன்னமராவதி ஆசாரி ஒருத்தரு. நாகராசுன்னு பேரு."

"பொன்னமராவதியில கடல் எங்கிட்டு இருக்கு? அந்த மனுசன் துடுப்பக் கண்ணால பாத்திருப்பாரா? ஒரு பக்கம் வயிறு, ஒரு பக்கம் முதுகு. இத வச்சு வலிச்சா போட்டு ஒரே எடத்துல வட்டமடிக்கும்."

"பாவம், ஏமாத்திப்புட்டாருடா. அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

அந்த நிமிஷத்தில் ரபீக்குக்கு வழி பிறந்துவிட்டது. எண்ணெய் விட வேண்டிய கதவு இதுதான். அவனுடைய அத்தா கரையில் துடுப்பு இழைப்பதில் பேர் வாங்கியவர், அந்தக் கை அவனுக்கும் உண்டு. இழைப்புளியை எடுத்து உட்கார்ந்தான். முதுகை முழுக்கச் சீவி எடுத்தான். வயிற்றைத் தட்டையாக்கினான். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும்படி ஓரங்களை மெல்லிசாக்கினான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். சிராஜ் மிச்சம் வைத்திருந்த போட்டுப் பெயின்டை எடுத்து நீலம் அடித்து, அலகில் மஞ்சளில் ஒரு பிறை, ஒரு நட்சத்திரம் வரைந்தான். நல்ல வேலை என்றால் அப்படி ஒரு நல்ல வேலை. அந்தக் கடற்கரையில் அதைவிட அழகான துடுப்பு கிடையாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாமியா வந்தாள். நீலத் துடுப்பு சுவரில் சாய்ந்து நின்றது. பக்கத்தில் புதுமாப்பிள்ளை மாதிரி ரபீக்.

அவள் அதை எடுத்து நடுவில் பிடித்துப் பார்த்தாள். முன்பக்கம் கனமே இல்லை. அலகைத் திருப்பினாள். அந்தப் பக்கமும் தட்டை, இந்தப் பக்கமும் தட்டை.

"முதுகு எங்கங்க?"

"அதெல்லாம் சீவி எடுத்துட்டேன். ஒரு சாக்கு சுருள் வந்துச்சு" என்றான் பெருமையாக.

சாமியா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "யா அல்லாஹ்" என்றாள். பிறகு, "இது தண்ணிக்கு இல்லங்க. அடிக்கிறதுக்கு. அந்த முதுகுதான் எல்லாமே. கம்பால ஓங்கி அடிப்பாங்க, இத வச்சு நான் எப்படித் தாங்குவேன்? ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றாள். கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது.

ஏன் செய்தேன் என்று ரபீக் அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வந்தான், வரவில்லை. நாகராசுவுக்குப் போன் போட்டான். காய்ந்த மரம் கைவசம் இல்லை, ஒரு வாரமாவது ஆகும் என்றுவிட்டார் அவர். யாரிடமாவது வாங்கிக்கொண்டு போகலாம் என்றால் சங்கத்தில் இரவல் ஆயுதம் செல்லாது. அவரவர் சொந்த ஆயுதத்தோடுதான் வர வேண்டும்.

அழுது முடித்ததும் சாமியா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "கெடந்தா கெடக்குது. நாளைக்கு ஒரு நாள் இருக்குல்ல. இதோட கனத்துக்குக் கையப் பழக்கிக்கிறேன்" என்றாள். சனிக்கிழமை முழுக்கக் கரையில் பழகினாள். ரபீக் தண்ணீர் பாட்டிலும் துண்டுமாகப் பக்கத்திலேயே நின்றான். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. அவள் திட்டவில்லை. அவன் கையிலிருந்து தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு மறுபடியும் பழகப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருக்கோகர்ணத்துக் கல்யாண மண்டபத்தில் பரீட்சை. துடுப்பைக் கைலியில் சுற்றி ரபீக்தான் தூக்கிக்கொண்டு வந்தான். பஸ்ஸில் கண்டக்டர் "கட்டிலுச் சட்டமா?" என்று கேட்டதற்கு ஆமாம் என்று தலையாட்டிவிட்டான்.

தேர்வாளர் பிராங்க்ளின் திருச்சிக்காரர். சிரித்தால் செலவாகிவிடும் என்பது போன்ற முகம். கைலியை அவிழ்த்ததும் நீலத்தையும் பிறையையும் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"துடுப்பு சார்."

"அது தெரியுது. ஏக்கு எங்க?"

"இதுதான் சார். எங்க ஊர்ல இழைச்சது." அவ்வளவுதான் சொன்னாள். யார் இழைத்தது என்று சொல்லவில்லை. தள்ளி நின்ற ரபீக் தலையைக் குனிந்துகொண்டான். ரம்லத் பீவியிடம் அவனைக் காப்பாற்றியவள் இங்கேயும் காப்பாற்றிவிட்டாள்.

பிராங்க்ளின் அலகைத் தட்டிப் பார்த்தார். "ரொம்ப மெல்லிசா இருக்கு. ஜோடி ஆட்டத்துல ஒடையலாம். ஒடைஞ்சா கையில இருக்கறத வச்சு முடிக்கணும். கையவிட்டுக் கீழ விழுந்தா ஃபெயில். சம்மதமா?"

"சம்மதம் சார்."

முதலில் தனியாட்டம். சாமியா நடுவில் வந்து நின்று துடுப்பைச் சுழற்றினாள். நீல அலகு காற்றில் விர்ரென்று போயிற்று. மணலே இல்லாத சிமென்ட் தரையில் அவள் குனிந்து அள்ளி வீசியபோது முன்வரிசையில் இருந்த ஒருவர் தன்னையறியாமல் முகத்தைத் திருப்பினார். ரபீக் இதை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தான். ஒவ்வொரு வீச்சும் எங்கே போய் முடிகிறது என்று பார்க்கப் பார்க்க, தான் சீவி எறிந்தது எது என்று விளங்கிற்று. மீனுக்கு நடு முள்ளை உருவிவிட்டு நீந்தச் சொன்ன மாதிரி ஒரு வேலை பார்த்திருக்கிறான்.

அடுத்து ஜோடி ஆட்டம். எதிரே ரம்யா என்ற பெண், கையில் நீளக் கம்பு. ஓங்கி ஓங்கி அடித்தாள். எந்த இடத்தில் எத்தனை மெல்லிசு என்பது மண்டபத்திலேயே ரபீக் ஒருவனுக்குத்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு அடியும் அவன் மேல் விழுந்தது. "யா அல்லாஹ், அந்த ஓரத்துல வேணாம், அந்த ஓரத்துல வேணாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே நின்றான். சாமியா அடிகளை முடிந்தவரை கைப்பிடியிலேயே வாங்கினாள்.

முடியப்போகும் நேரத்தில் ஒரு அடி அந்த ஓரத்திலேயே விழுந்தது. சடக்கென்ற சத்தம். அலகில் பாதி, பிறையோடு பிய்ந்துகொண்டு தரையில் வழுக்கிப் போயிற்று. மண்டபம் "ஐயோ" என்றது. ரம்யாகூட ஒரு கணம் தயங்கினாள். சாமியா தயங்கவில்லை. மிச்சத்தை இறுக்கிப் பிடித்து, ஒரு எட்டு உள்ளே புகுந்து, ரம்யாவின் அடுத்த அடியைத் தள்ளிவிட்டு, உடைந்த முனையை அவள் தொண்டைக்கு ஒரு விரல்கடை தள்ளி நிறுத்தினாள். துடுப்பு கையில்தான் இருந்தது.

பிராங்க்ளின் எழுந்து நின்றார். "பாஸ்" என்றார். பிறகு, "மொதல்ல ஒரு நல்ல ஏக்கு வாங்குங்கம்மா" என்றார். அவர் முகத்திலும் லேசாக ஒரு சிரிப்பு செலவாயிற்று.

ரபீக் "அல்ஹம்துலில்லாஹ்" என்று வாய்விட்டே சொன்னான். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. படைத்தவனுக்கு நன்றி சொல்ல அவனுக்கு எப்போதும் சிரமம் இருந்ததில்லை. மனுசர்களிடம்தான் தகராறு.

வெளியே டவுன் பஸ்ஸுக்காக நின்றார்கள். சாமியாவின் உள்ளங்கையெல்லாம் நீலம் ஒட்டியிருந்தது. கைலிக்குள் இரண்டு துண்டுத் துடுப்பு. ஆட்டோக்காரர் ஒருவர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

"சாமியா."

"ம்."

"அன்னைக்கு ரம்லத் மாமிகிட்ட, நாந்தான் கிளாஸ் எடுக்கச் சொன்னேன்னு சொன்னியே. நான் உள்ள இருந்து கேட்டேன்." நிறுத்தினான். கைலிப் பொதியைக் கை மாற்றிப் பிடித்தான். "நான் அப்படிச் சொல்லவே இல்ல. ஒன்னயத் திட்டத்தான் செஞ்சேன். நீதான் என்னயத் தலநிமுந்து நடக்க வச்ச. அதுக்கு நன்றி சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டே இருந்தேன். அதுக்குத்தான் அத எடுத்து இழைச்சேன்."

சாமியா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. துப்பட்டா நுனியால் துடைத்துக்கொண்டாள், நீலம் கன்னத்தில் ஏறியது. அவன் கையிலிருந்த கைலிப் பொதியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இத அன்னைக்கே வாயத் தொறந்து சொல்லியிருந்தீங்கன்னா," என்றாள், "பாவம், இந்த மரமாவது பொழச்சிருக்கும்."