பூஜ்யத்தில் நின்ற குரல்

கொசுவுக்கு வாய்ப்பு கிடைத்துவிட்டது. உடனே கையைக் காலைத் தட்டிக்கொள்ள வேண்டாம். கொசு என்பது மூன்றாம் ஆண்டு படிக்கிற ஒரு பெண். விடுதி அறையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கணினியில் இசை கட்டும்போது, பக்கத்தில் இருப்பவர்களுக்கு மெல்லிய ரீங்காரம் மட்டும்தான் கேட்கும். முதலாண்டில் வைத்த பேர், அப்படியே ஒட்டிக்கொண்டது.

வாய்ப்புக்காக அவள் தட்டாத கதவு இல்லை. பற்பசை விளம்பரம், உடற்பயிற்சி வீடியோ, மொபைல் விளையாட்டு, லிஃப்ட் கம்பெனி என்று நாற்பது இடங்களுக்கு மாதிரி இசை அனுப்பினாள். எல்லாம் கிணற்றில் போட்ட கல். லிஃப்ட் கம்பெனி மட்டும் பதில் எழுதியது: ‘எங்கள் லிஃப்டுகளில் பாட்டு கிடையாது.’ மதித்துப் பதில் போட்டார்களே என்று அதற்கும் நன்றி எழுதினாள். வீட்டிலிருந்து அப்பா வாரம் தவறாமல் கூப்பிட்டு, “படிப்பு முடிஞ்சதும் சித்தப்பா ஆபீஸ்ல உனக்கு ஒரு நாற்காலி காலியா இருக்கு” என்று ஞாபகப்படுத்துவார். அந்த நாற்காலி அவள் கனவில் வந்து பயமுறுத்தியது.

அப்போதுதான் கல்லூரி அறிவிப்புப் பலகையில் அந்தத் தாள் ஒட்டப்பட்டது. திரைப்படத் துறை மாணவன் ஒருவன் எடுத்த குறும்படத்துக்கு இசை வேண்டும். தேர்வாகும் மாணவர் ஒருவரை ஒரு பெரிய ஒலிப்பதிவு ஸ்டுடியோ ஆறு மாதம் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும். விண்ணப்பத்தின் கடைசியில் ஒரு வரி: ‘இது முழுக்க என் சொந்தப் படைப்பு.’ அதன் கீழே ஒரு பேர் எழுத, ஒரு கையெழுத்துப் போட இடம்.

கொசுவிடம் ஒரு நல்ல இசை இருந்தது. சொந்தம்தான், ஆனால் முழுக்க அல்ல. பாதி, அவளோடு அதே அறையில் இருந்த தோழியுடையது. அந்தப் பெண் வாயைத் திறந்து பேசினால் அன்றைக்கு மழை வரும் என்பார்கள். அதனால் அவளுக்கு ஊமை என்று பேர். பேசத்தான் மாட்டாளே தவிர, சதா முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். வார்த்தை கிடையாது, வெறும் ‘ம்ம்ம்’தான். துணி அலமாரிக்குள் தொங்கும் உடைகளுக்கு நடுவே அவளை உட்காரவைத்து, மைக்கைக் கையில் கொடுத்து, அந்த ‘ம்ம்ம்’மைக் கொசு பதிவு செய்தாள். அலமாரியில் துணிகள் வெளிச் சத்தத்தைக் குடித்துவிடும். காசில்லாதவர்களின் ஸ்டுடியோ அதுதான்.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஊமை மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்கு முந்தின வாரம் இருவருக்கும் சண்டை. பேச்சு வார்த்தை இல்லாமலே கொசு விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தாள். சேதி வந்ததும் ஓடி வந்து கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்றாள், அழுதாள், ஊமையின் அம்மாவை நேருக்கு நேர் பார்க்காமல் திரும்பினாள். அன்றிலிருந்து அந்த அலமாரியை அவள் திறக்கவில்லை. துணியெல்லாம் நாற்காலியில் மலையாகக் குவிந்து கிடந்தது.

விண்ணப்பத்துக்காக ஊமையின் குரலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சிந்தசைசரின் செயற்கை ஒலியை வைத்தாள். ‘செத்தவளுக்குப் பேர் எதுக்கு’ என்று மனசு சொன்னது. மனசு அப்படித்தான், நமக்குச் சாதகமானதை நன்றாகச் சொல்லும். கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். தேர்வானாள்.

எடிட்டிங் அறைக்கு அவளைக் கூப்பிட்டவனை வாத்தியார்கள் உட்பட எல்லோரும் டைரக்டர் என்றே அழைத்தார்கள். எடுத்தது இந்த ஒரே படம்தான் என்றாலும் தொப்பி இரண்டு வருஷமாக இருந்தது. பெரிய ஸ்பீக்கரில் படத்தை ஓட்டினான். ஒருவன் காலி வீட்டை விற்க வருகிறான், ஒவ்வொரு அறையாகப் பார்க்கிறான், கடைசி அறையின் கதவைச் சாத்துகிறான்.

“இதோ இங்கதான். கதவு சாத்தினப்புறம் பக்கத்து ரூம்ல யாரோ இருக்கற மாதிரி ஒண்ணு வருது பாரு. இதுக்காகத்தான் உன்னை எடுத்தேன்” என்றான்.

“எது?”

“என்ன எதுங்கற? நீ போட்டதுதானே!”

அவன் ஒலியைக் கூட்டினான். சிந்தசைசருக்குப் பின்னால், எங்கோ தூரத்தில், ஊமை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

கொசுவுக்குக் கை மயிர் குத்திட்டு நின்றது. அந்தக் குரலை எடுத்தாயிற்று, அவள் கையாலேயே எடுத்தாயிற்று.

“எந்த சாஃப்ட்வேர்ல பண்ணின?”

“அது... நானே உருவாக்கின சத்தம்.”

“அபாரம். டைட்டிலுக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் இதே மாதிரி வேணும். வியாழக்கிழமை அஞ்சு மணிக்குள்ள.”

அறைக்கு ஓடிவந்து கோப்பைத் திறந்தாள். அவளுடைய சின்ன ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்கவில்லை. ஹெட்ஃபோனை மாட்டிக் கண்ணை மூடினாள். ஊமை இருந்தாள். ஹெட்ஃபோனைக் கழற்றினாள். அப்போதும் இருப்பது போலிருந்தது. எதிர்க் கட்டிலில் சுருட்டி வைத்த மெத்தையைப் பார்க்காமல் ஒவ்வொரு ஒலித்தடமாக அணைத்துக்கொண்டே வந்தாள். தாளம் போனது, அடிநாதம் போனது, சிந்தசைசர் போனது. எல்லாம் போன பிறகு ஊமை மட்டும் தனியாக முணுமுணுத்தாள்.

காரணம் ஒரு மணி நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. ஒரு குரல் இரண்டு வழியாகப் போகும். ஒன்று நேராக வெளியே, இன்னொன்று எதிரொலி தருகிற கருவிக்குள். கொசு குரலின் ஃபேடரை, அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற நகர்த்தியை, பூஜ்யம் வரை இறக்கியிருந்தாள். நேர்வழி அடைபட்டது. எதிரொலிக்குப் போகிற வழியோ ஃபேடருக்கு முன்னாலேயே பிரிந்து போகும்படி என்றைக்கோ அவளே வைத்தது, மறந்துவிட்டது. குரல் பூஜ்யத்தில் நிற்க, அதன் எதிரொலி மட்டும் வந்துகொண்டே இருந்தது. முதலாண்டுப் பிள்ளைகள் செய்கிற தப்பு. பேயும் இல்லை பிசாசும் இல்லை.

ஒரு சொடுக்கில் அதையும் மூடிவிடலாம். அவள் மூடவில்லை. தோழி மேல் வைத்த அன்பினால் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அவளுக்கு இன்னும் இரண்டு நிமிஷம் தேவைப்பட்டது, அதுதான் உண்மை. தானே முணுமுணுத்துப் பார்த்தாள், தகரத்தில் ஆணி கீறியது போலிருந்தது. ஊமை தானாகப் பதிவு செய்துவைத்த மிச்சமெல்லாம் அவளுடைய போனில் இருந்தது. போன் ஊமையின் அம்மாவிடம்.

வியாழன் மதியம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனாள். அம்மா வைத்திருந்தது ஒரு ஜெராக்ஸ் கடை. மூன்று பேர் நின்றால் நான்காமவர் தெருவில் நிற்க வேண்டும். வாசலில் கால் வைத்ததுமே கொசு திகைத்து நின்றாள். பழைய இயந்திரம் ‘ம்ம்ம்’ என்று ஓடிக்கொண்டிருந்தது. ஊமை எப்போதும் ஆரம்பிக்கிற அதே சுருதி. இந்தச் சத்தத்தில்தான் அவள் வளர்ந்திருக்கிறாள்.

“வாம்மா. வழி தெரிஞ்சுதா?” என்றார் அம்மா. நாலு மாசம் கழித்து என்று சேர்த்துச் சொல்லவில்லை. ஸ்டூலில் இருந்த காகிதக் கட்டை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். மேசை ஓரத்தில் ஊமையின் போன் சார்ஜில் கிடந்தது.

“தினம் சார்ஜ் போடறேன். யாரும் கூப்பிடப் போறதில்ல. இருந்தாலும் அணைஞ்சு கிடந்தா மனசு கேக்கல.”

கொசு போனைக் காட்டினாள். “அம்மா, அவ முணுமுணுத்ததெல்லாம் இதுல இருக்கும். ஒரு படத்துக்கு... கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?”

“எடுத்துக்கோ. உனக்குக் குடுக்காம யாருக்குக் குடுக்கப் போறேன்?”

இருபத்து மூன்று பதிவுகள் இருந்தன. அவள் கணினிக்கு ஏற்றிக்கொண்டிருக்கையில் அம்மா போனை வாங்கி, “பதினேழாவது கேட்டிருக்கியா?” என்றார்.

“இல்லம்மா.”

அம்மா போட்டார். முதலில் முணுமுணுப்பு. பிறகு, நிறுத்த மறந்த பதிவில், கொசுவின் குரல் கணீரென்று வந்தது.

“முணுமுணுக்கறதை யார் வேணா பண்ணலாம். உக்காந்து இழைச்சு இழைச்சு அதைப் பாட்டாக்கறது நான். கொட்டாவி விடறவங்களுக்கெல்லாம் பேர் போடுவாங்களா?”

ஹேங்கர்கள் உரசும் சத்தம். ஒரு பெருமூச்சு. பிறகு ஊமை பேசினாள், சிரித்துக்கொண்டே.

“பசி வந்தா பத்தும் பறந்து போகும்னு சும்மாவா சொன்னாங்க. பேரை அப்புறம் பாத்துக்கலாம். வா, சாப்பிட்டு வரலாம்.”

அம்மாவின் கட்டைவிரல் சரியாக அங்கே பதிவை நிறுத்தியது. பழகிப்போன விரல். இன்னும் மூன்று விநாடி மிச்சம் இருப்பதைத் திரை காட்டியது. அதில் என்ன இருக்கிறது என்று கொசுவுக்குத் தெரியும்.

இடிந்துபோய் உட்கார்ந்திருந்தாள். இந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் கொடுத்திருக்கிறார்.

“அம்மா... நான் அன்னைக்கு...”

“கூடப் படிக்கற பிள்ளைங்க சண்டை போடறது புதுசா? அதுக்கு நான் கோவப்படல. நீ வராம இருந்தியே, அதுக்குத்தான் கோவம்.” காகிதக் கட்டைத் தட்டிச் சீராக்கினார். “காலைல கடை திறந்ததும் ஒரு தடவை கேப்பேன். மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவை. மத்த இருபத்திரண்டுலயும் வெறும் ம்ம்ம்தான். என் பொண்ணு பேசறது இதுல மட்டும்தான் இருக்கு. உன் பேச்சைக் கேட்டாத்தான் அவ பேச்சு வருது. அதனால தினமும் உன்னையும் கேக்கறேன்.”

கொசு தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். சான்றிதழ் நகல் எடுக்க வந்த ஒருவர் வாசலோடு திரும்பிப் போனார்.

“எனக்கு ஒரு உதவி பண்ணுவியா?” என்றார் அம்மா கொஞ்சம் கழித்து. “அந்தக் கடைசித் துண்டை வெட்டிக் குடு. முதல் தடவை முழுசாக் கேட்டேன். அப்புறம் கேக்கறதில்ல. ஒரு நாள் விரல் நழுவிடுச்சு, அன்னைக்குக் கடையே திறக்கல.”

“வெட்டித் தரேன்மா.”

“படத்துல அவ பேரு வருமா?”

எந்த உள்நோக்கமும் இல்லாமல் கேட்டார். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போல.

“வரும்மா” என்றாள் கொசு. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அங்கிருந்தபடியே டைரக்டரைக் கூப்பிட்டு ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“உனக்கு அறிவிருக்கா?” அவன் கத்தியது அம்மாவுக்கே கேட்டிருக்கும். “ரெண்டு பேர்னா ஸ்டுடியோ சீட் போச்சு. அது ஒத்தை ஆளுக்கு. அதுவும் பொய்க் கையெழுத்துன்னு தெரிஞ்சா உன்னை அந்தப் பக்கமே சேக்க மாட்டாங்க. பேசாம விட்டுடேன், யாருக்குத் தெரியப் போகுது?”

“இங்க ஒருத்தருக்குத் தெரியும்.”

“யாருக்கு?”

சித்தப்பா ஆபீஸ் நாற்காலி கண்முன்னே வந்து நின்றது. “படத்துக்கு ரெண்டு நிமிஷம் வந்துடும். முதல் பேர் அவளோடது” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

புது விண்ணப்பத்தை அந்தக் கடையிலேயே அச்செடுத்தாள். ஊமையின் நிஜப் பேரை எழுதினாள். நாலு மாதமாக எழுதாத பேர். அடுத்த வரியில் தன் பேர். ‘முழுக்க என் சொந்தப் படைப்பு’ என்ற வரியைக் குறுக்கே கோடு போட்டு அடித்தாள். அம்மா தாளை வாங்கி மகள் பேர் இருந்த வரியை மட்டும் இரண்டு முறை படித்தார். பிறகு இயந்திரத்தின் மூடியைத் தூக்கி வைத்து, ஒரு நகல் எடுத்துத் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார்.

கொசு பதினேழாவது பதிவைக் கணினியில் திறந்தாள். ‘சாப்பிட்டு வரலாம்’ முடிகிற இடத்தில், ஊமையின் மூச்சு சிதையாமல், சுத்தமாக வெட்டினாள். வெட்டிச் சீராக்கிய பதிவைப் போனில் ஏற்றி அம்மாவின் கையில் கொடுத்துக் கேட்கச் சொன்னாள். அம்மா இம்முறை விரலை எடுத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, கடைசி வரை கேட்டார்.

மிச்சத் துண்டு திரையில் தனியாகக் கிடந்தது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அதைப் போட்டாள். “நீ போ” என்றது அவளுடைய குரல். பிறகு கதவு மூடும் சத்தம்.

அழிக்கவா, சேமிக்கவா என்று கணினி கேட்டது. சேமி என்றாள். இசையமைத்தவர் பேர் என்று ஒரு கட்டம் வந்தது. அந்த மூன்று விநாடியில் முணுமுணுப்பு இல்லை, தாளம் இல்லை, வேறு யாருடைய பங்கும் இல்லை. கொசு அதில் தன் பேரை மட்டும் எழுதினாள்.