அடுத்த கிரகணம்

மேல்வீட்டுக்காரியிடம் மொட்டைமாடிச் சாவியைக் கேட்பதற்குள் கீழ்வீட்டுத் தையல்காரிக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. தண்ணீர் வரவில்லை, வெயில் தாங்கவில்லை என்று ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தாள்.

"நாளைக்கு முழுக் கிரகணமாம்க்கா. நிலா உதிக்கும்போதே செவப்பா உதிக்குமாம். புள்ளைங்க உசுர எடுக்குதுங்க. நீங்க வேணாம்னா வேணாம்."

மூன்று வருடமாக அந்தச் சாவி மேல்வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. நாலு குடித்தனமும் வாயைத் திறக்காமல் துணியை வாசலிலேயே உலர்த்திக்கொண்டன. பாவம், அவர்களும் எத்தனை நாள்தான் பொறுப்பார்கள்? "பாக்கட்டும்" என்று எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

போன கிரகணத்தன்று மகன் இதே வாசலில் நின்றுகொண்டு அவசரப்படுத்தினான். "அம்மா, வாம்மா, நிலா செவக்குது!"

"அடுப்புல பால் இருக்குடா. அடுத்த கிரகணத்துக்கு வரேன், போ."

"அதுக்கு மூணு வருஷம் ஆகும், சோம்பேறி!" சிரித்துக்கொண்டே ஓடினான். மேலே போய், நிலாவை அண்ணாந்து பார்த்தபடியே மாடி ஓரம்வரை பின்னால் நகர்ந்திருக்கிறான். பத்தொன்பது வயது. பால் பொங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் மாடியில் ஒரே கூச்சல். அவள் அடுப்பை அணைத்தாள்.

"போயிட்டு வரேங்க. அவன்கிட்ட சொல்லியிருக்கேன்."

புருஷன் கரணையைத் துடைப்பதிலேயே இருந்தார். கொத்தனார் அவர். பிள்ளை போன பத்தாம் நாள், தனியாளாகச் செங்கல் சுமந்து மாடிச் சுவரை ஆளுயரத்துக்கு எழுப்பினார். அதோடு சரி, அந்தப் பக்கம் போனதே இல்லை.

மேலே பிள்ளைகள் அப்பாக்களின் தோளில் ஏறியிருந்தன. "நிலா எங்க?" என்று கேட்டாள்.

"சுவருக்கு அந்தாண்டக்கா. இன்னும் கொஞ்சம் ஏறணும்" என்றாள் தையல்காரி.

அவள் சுவரைத் தொட்டாள். பூசாத செங்கல். தடவிக்கொண்டே கையை இறக்கினாள். செங்கல் முடிந்து பழைய பூச்சு தொடங்கும் இடம் அவள் முழங்காலுக்குத்தான் வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இவ்வளவுதானாடா இருந்துச்சு? அய்யோ, இவ்வளவுதானா?"

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தெரிந்த நடைதான், அவள் திரும்பவில்லை. அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கை இருந்த இடத்திலேயே தன் கையையும் வைத்தார். பிள்ளைகள் கத்தின. சுவருக்கு மேலே சிவப்பாக ஒரு விளிம்பு எட்டிப் பார்த்தது.