லிட்டருக்கு ஏழு

லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த என் பழைய அம்பாசடர் ஏழுக்கு இறங்கிவிட்டது. வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவன் என் மனைவி பொற்கொடியின் தம்பி ரூபன். பெட்ரோலைத் திருடி விற்கிறான் என்று முடிவுகட்டி, சிங்காநல்லூர் டாக்ஸி ஸ்டாண்டில் அத்தனை டிரைவர்கள் முன்னாலும் "திருட்டு நாயே" என்று ஏசிவிட்டேன். அவன் சாவியை பானெட் மேல் வைத்துவிட்டு, கருமத்தம்பட்டிக்குத் தறி ஓட்டப் போய்விட்டான்.

அப்புறம் ஒரு மாதம் நானே ஓட்டினேன். அப்போதும் ஏழுதான். இடுப்பு விட்டுப்போனது. வீட்டில் பொற்கொடி சோறு வைப்பாள், முகம் பார்க்க மாட்டாள். டயருக்குக் காற்றுப் பிடித்தேன், ஏர் ஃபில்டர் மாற்றினேன், ஒன்றுக்கும் மசியவில்லை சனியன். அவனை ஏசியது தப்போ என்று அடிக்கடி தோன்றும். தோன்றும்போதெல்லாம் வண்டி மேல்தான் கோபம் வந்தது.

கடைசியில் மெக்கானிக் சிக்கந்தரிடம் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"ஏனுங்க பாய், இந்தக் கருமத்த என்னன்னு பாருங்க. எனக்குத் தெம்பில்லீங்க."

அவர் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். அடுப்புக்கரியாக இருந்தது. "பெட்ரோல் அதிகமாப் போகுதுங்க, காத்துப் பத்தலை" என்றார். பிறகு கார்புரேட்டரைப் பார்த்தார். எஞ்சின் குளிர்ந்து கிடந்தால் கிளப்புவதற்கு மட்டும் மூட வேண்டிய சோக் தகடு, பாதி மூடியபடியே நின்றது. டாஷ்போர்டில் இருந்த சோக் குமிழை அழுத்தினார். உள்ளே போகவில்லை. நம் ஊர் வெயிலில் அதை யார் தொடுகிறார்கள்?

குனிந்து பார்த்தேன். குமிழின் கழுத்தில் மஞ்சள் கயிறு, சுற்றுச் சுற்றாக. குமிழ் உள்ளே போக இடமே இல்லை.

அத்தனையும் நான் கட்டியது. வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலில் வாங்கி, சாமிக் கயிற்றை அறுக்கக் கூடாதென்று பழையதன் மேலேயே சுற்றுவேன். மைலேஜ் குறைந்த பிறகு, திருட்டு நிற்க வேண்டுமென்று செவ்வாய்க்கிழமையும் சேர்த்துக் கட்டினேன். அட கூறுகெட்ட ராசப்பா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"நீங்களே கழட்டிப்போடுங்க. உங்க சாமிக் கயிறு, நான் கைய வெச்சா நல்லாருக்காதுங்க" என்றார் சிக்கந்தர். நகம் பிய்யப் பிய்ய அவிழ்த்தேன். குமிழ் உள்ளே போனது. எஞ்சின் சத்தமே மாறிவிட்டது.

நேராகக் கருமத்தம்பட்டிக்கு விட்டேன். தறிக் கொட்டகையிலிருந்து ரூபன் தலையெல்லாம் பஞ்சோடு வந்தான். எனக்கு வெட்கமாக இருந்தது.

"மாப்ள, எல்லாம் நான் கட்டுன கயிறுதான். சோக்கு உள்ள போகாம நின்னுபோச்சு. தப்பு என்னுதுதான், வந்துரு சாமி."

"தெரியுமுங்க மாமா" என்றான்.

"தெரியுமா? ஏன்டா சொல்லலை?"

"அக்காகிட்டச் சொன்னனுங்க. கயித்துல கைய வெக்காத, மாமன்கிட்டயும் சொல்லிராதன்னு கெஞ்சுச்சு."

"ஸ்டாண்டுல நான் திருடன்னப்பவாச்சும் வாயத் தொறந்திருக்கலாமில்ல?"

அவன் நிதானமாகத்தான் சொன்னான்.

"தொறந்திருந்தா, அத்தனை பேர் முன்னால தப்பு உங்க மேல வந்திருக்குமுங்க. ஊட்டுக்குப் போனதும் அடி அக்காவுக்குத்தானுங்க விழுந்திருக்கும்."

விழுந்திருக்கும்தான்.