புது மாடல்

திருக்கழுக்குன்றம் தாண்டிக் கடற்கரைப் பக்கம் போகும் சாலையில் ஓர் எருமை குறுக்கே வந்தது. தர்மராஜ் பிரேக்கை அழுத்தினான். மிதி வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போனது. வண்டி நின்றுவிட்டது. எருமை சாவகாசமாகத் தலையைத் திருப்பி, தன் முன்னால் பளபளவென்று நிற்கும் அந்தப் பெரிய காரைப் பார்த்துவிட்டு நடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எஞ்சினியர் சதாசிவம் எருமையைப் பார்க்கவில்லை. அவர் பார்வை தர்மராஜின் வலது காலின் மேலேயே இருந்தது.

"இன்னொரு தடவ போட்டுப் பாரு," என்றார்.

காலியான சாலையில் வேகமெடுத்து மறுபடி அழுத்தினான். கொஞ்ச தூரம் விட்டு இன்னொரு முறை. மிதி ஈரப் பஞ்சில் கால் வைத்ததுபோல அமுங்கிக்கொண்டே போய், தரைக்குச் சற்று மேலே வந்துதான் பிடித்தது. காலை எடுத்துவிட்டு மீண்டும் மிதித்தால் மேலேயே பிடித்தது. சதாசிவம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வண்டி புது மாடல். பழைய மாடலின் எஞ்சினை வைத்துக்கொண்டு உடம்பை மட்டும் மாற்றியிருந்தார்கள். நீண்ட மூக்கு, சதுர விளக்கு, பால் நிறத்தில் மெத்தை, நாலு பக்கமும் குரோமியப் பட்டை. பெரிய மனிதர்கள் ஏறுகிற வண்டியாக இருக்க வேண்டுமென்று முதலாளி ஆசைப்பட்டார். எடை ஏறிவிட்டது, பிரேக் மட்டும் பழசாகவே நின்றுவிட்டது. பெட்ரோல் விலை கண்டபடி ஏறியிருந்த அந்த வருஷத்தில் பெரிய கார் வாங்க ஆள் கிடைப்பதே அரிது. இந்த மாடல் போணியாகவில்லை என்றால் கம்பெனியை இழுத்து மூடவேண்டியதுதான் என்று தொழிற்சாலைக்குள் பேச்சு இருந்தது. திங்கட்கிழமை மெட்ராஸில் ஒரு பெரிய ஓட்டலில் வண்டியை எல்லோருக்கும் காட்டப்போகிறார்கள். அதற்கு முந்திய கடைசி ஓட்டம் இது.

தர்மராஜ் அச்சரப்பாக்கத்துப் பக்கம் பயிர் வைக்கிற குடும்பத்தில் பிறந்தவன். லாரி ஓட்டி, பிறகு கம்பெனியில் டெஸ்ட் டிரைவராகச் சேர்ந்து, ஊரப்பாக்கத்தில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்து மனைவி வேண்டாவோடு இருந்தான். புது மாடல் வெளியே வந்ததும் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். வேண்டா அதைத் தன் அக்காவிடம்கூடச் சொல்லிவிட்டாள்.

மாமல்லபுரத்தில் ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தினார்கள். சக்கரங்களிலிருந்து கருகிய வாடை வந்துகொண்டிருந்தது. சதாசிவம் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

"இன்னா சார் சொல்லப் போறீங்க?"

"சொல்லாம என்ன? மீட்டிங்ல ரெண்டு தடவ சொல்லியாச்சு. பிரேக்க மாத்தணும்னா வெளியீடு தள்ளிப் போயிடும்கறாங்க. ஊருக்குள்ள ஓட்டற வண்டிக்கு இது போதும்கறாங்க." டீயைக் கீழே ஊற்றினார். "சூடேறினா பிரேக் போயிடுது, ஆறிட்டா சரியாயிடுது பாத்தியா. அதான் கஷ்டம். எவனுக்கும் காட்ட முடியாது."

அப்போதுதான் குப்பத்துப் பக்கமிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். இரண்டு பேர் ஒருவனைத் துடுப்பின் மேல் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு வர, பின்னால் ஒரு பெண் அவன் தொடையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தபடியே ஓடிவந்தாள். வலையில் விழுந்த திருக்கை மீன் வாலைச் சுழற்றி அடித்திருக்கிறது. முள் தொடையில் ஆழமாக இறங்கிவிட்டது. பிடுங்கியதும் பீறிட்ட ரத்தம் நிற்கவில்லை. மாயவன் என்று அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவன் பதில் சொல்லவில்லை. முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"பஸ்ஸு இப்பதான் பூட்ச்சி அண்ணாத்த," என்றாள் அந்தப் பெண். அவன் மனைவி குப்பம்மா. "செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனா பொழச்சிக்கும். நீதான் இட்டுகினு போவணும்."

தர்மராஜ் சதாசிவத்தைப் பார்த்தான். சதாசிவம் அவனைத் தனியே இழுத்துப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார்: "வேணாம்பா. வேற ஆளை ஏத்தக் கூடாதுன்னு இருக்கு. அதுகூடப் பரவால்ல. இந்த பிரேக்க வச்சிக்கிட்டு அவசரத்துல எப்படிப் போவே? வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"திங்கக்கெழமைக்கு அப்பறம் இத்த விக்கத்தான சார் போறோம்?"

தர்மராஜ் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. மனதில் வந்தது வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு அவனுக்கே பயமாக இருந்தது. சதாசிவமே போய்ப் பின்கதவைத் திறந்தார். தன் சட்டையைக் கழற்றி, முறுக்கி, மாயவனின் தொடைக்கு மேலே இறுக்கிக் கட்டிக்கொண்டு அவன் கூடவே உள்ளே ஏறினார். பால் நிற மெத்தை சிவந்துகொண்டே போனது. குப்பம்மா புருஷன் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள்.

தர்மராஜ் பிரேக்கை மிச்சம் பிடிக்க முடிவு செய்தான். மேடு வந்தால் வேகத்தைத் தானாகக் குறையவிட்டு, வளைவு வந்தால் முன்கூட்டியே கியரைக் குறைத்து, காலைப் பிரேக்கின் மேல் வைக்காமலே ஓட்டினான். ஆனால் சாலை அவன் சொன்னபடி கேட்கவில்லை. ஒரு வைக்கோல் வண்டி நடுவில் போனது. ஆட்டு மந்தை ஒன்று. திருக்கழுக்குன்றத்துக் கடைத்தெருவில் ஏதோ விசேஷத்துக்கு வந்த கூட்டம். ஹாரனை அழுத்திப் பிடித்தபடி, மிதித்தும் விட்டும் அதைக் கடந்தான். ஒவ்வொரு தடவையும் மிதி இன்னும் கொஞ்சம் இறங்கியது. பின்னால் சதாசிவம், "மாயவா, கண்ணத் தொற, இங்க பாரு," என்று சொல்லிக்கொண்டே வந்தார். கண்ணாடியில் குப்பம்மாவின் கண்கள் தெரிந்தன. அவை அவன் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஏரிக்கரைச் சாலையின் வளைவு திரும்பியதும் எதிரே பஸ் நின்றிருந்தது. அவர்களை விட்டுவிட்டுப் போன அதே பஸ். இறங்கிய ஜனங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு அதைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். புடவைகள், துணிப்பைகள், வெள்ளை வேட்டிகள். தர்மராஜ் மிதித்தான். மிதி தரையைத் தொட்டது. எடுத்து மறுபடி மிதித்தான். தரை. இன்னொரு முறை. தரை.

"சார், புடிச்சிக்குங்க," என்று மட்டும் சொன்னான்.

கியரை இழுத்துத் தள்ளினான். எஞ்சின் அலறியது. கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தான். வண்டியின் பின்பக்கம் வாலை ஆட்டுவதுபோல ஆடியது. ஒரு பக்கம் ஏரித் தண்ணீர் விளிம்புவரை நிறைந்து கிடந்தது. மறுபக்கம் வாய்க்கால் தூர் வாரிக் கொட்டியிருந்த மண். தள்ளிக்கொண்டிருந்தவர்களில் ஒரு கிழவர் திரும்பிப் பார்த்தார். கையை எடுக்காமல், நகராமல், பார்த்தபடியே நின்றார். தர்மராஜ் வண்டியை மண்மேட்டின் மேல் சாய்த்தான். குரோமியப் பட்டை பிய்ந்து போகும் சத்தம், கதவு உராயும் சத்தம், கண்ணாடியில் அப்பிய சேறு. வண்டி முனகிக்கொண்டே போய்க் கிழவருக்குக் கைநீட்டும் தூரத்தில் நின்றது.

ஜனங்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள், ரத்தத்தைப் பார்த்தார்கள். பஸ்ஸை விட்டுவிட்டு இந்த வண்டியைச் சேற்றிலிருந்து இழுத்துச் சாலையில் ஏற்றினார்கள். தர்மராஜ் வண்டியை எடுத்தான். அங்கிருந்து செங்கல்பட்டுவரை பிரேக்கே இல்லாமல், இரண்டாவது கியரிலேயே, மாட்டு வண்டிக்குப் பின்னால் மாட்டு வண்டிபோல உருட்டிக்கொண்டு போனான். அந்த மெதுவான தூரம்தான் அவனை வதைத்தது. பின்னால் ஒருத்தன் உயிர் ஒழுகிக்கொண்டிருக்க, சைக்கிள்கள் அவனை முந்திக்கொண்டு போயின.

ஆஸ்பத்திரியில் மாயவனை உள்ளே தூக்கிப் போனார்கள். வெயில் சாயத் தொடங்கும் நேரம் குப்பம்மா வெளியே வந்தாள்.

"கண்ணத் தொறந்துச்சி," என்றாள். "காலு எப்டி ஆவும்னு தெரியாதாம். உசிரு கீது." பிறகு வண்டியைப் பார்த்தாள். திறந்த கதவு வழியே மெத்தையைப் பார்த்தாள். "இத்துக்கு உன்ன பேஜார் பண்ணுவாங்களா அண்ணாத்த?"

"அத்த நான் பாத்துக்கிறேன். நீ உள்ள போம்மா."

அவள் போகாமல் குழாயடியில் முந்தானையை நனைத்துவந்து மெத்தையைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைக்கத் துடைக்கச் சிவப்பு பரவியது. தர்மராஜ் முன் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை அழுத்திப் பார்த்தான். மிதி கல்லாக நின்றது. வண்டி ஆறிவிட்டது. இப்போது யார் வந்து அழுத்தினாலும் இதைக் குறை சொல்ல முடியாது.

மெட்ராஸுக்கு டிரங்க்கால் பேசப் போன சதாசிவம் ஆஸ்பத்திரி ஆபீஸ் அறையிலிருந்து பனியனோடு வெளியே வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். காய்ந்த ரத்தம் முழங்கை வரை இருந்தது.

"மேனேஜர்கிட்ட பேசினேன். இப்ப பிரேக் புடிக்குதான்னு கேட்டாரு. புடிக்குதுன்னேன். அப்ப இருட்டறதுக்குள்ள ஓட்டிட்டு வந்துடுங்கன்னாரு. வண்டி பாடிய ராவோட ராவா சரி பண்ணிடலாமாம்." அவர் நிறுத்தினார். "டிரைவர் கேக்காம ஆள் ஏத்திக்கிட்டு வேகமாப் போயிட்டான்னு முடிச்சிக்கலாம்னாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. வச்சிட்டேன்."

தர்மராஜுக்கு வேண்டாவின் ஞாபகம் வந்தது. இந்நேரம் அவள் வாசல் பக்கம் வந்து வந்து பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போது சாவியைத் திருப்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். கெஞ்சிக் கேட்டால் வேலையை விட்டுத் தூக்காமல்கூட விடுவார்கள். திங்கட்கிழமை இந்த வண்டி ஓட்டல் வாசலில் பூமாலையோடு நிற்கும். பிறகு யார் யாரோ குடும்பத்தோடு ஏறி உட்காருவார்கள். முதுகைக் காட்டி நின்ற அந்தக் கூட்டம் அவன் கண்ணை விட்டுப் போகவில்லை.

"நான் எடுக்க மாட்டேன் சார்," என்றான். "நீங்களும் எடுக்காதீங்க. லாரி வந்து கட்டி இழுத்துகினு போவட்டும். பகல்ல, கம்பெனி கேட்டு வழியா, எல்லாரும் பாக்க."

"உன் வேலை போயிடும் தர்மராஜ்."

"தெரியும் சார்."

சதாசிவம் திரும்பி ஆபீஸை நோக்கி நடந்தார். தர்மராஜ் சுவரோரம் கிடந்த கற்களைப் பொறுக்கிவந்து சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தான். கடைசிக் கல்லை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது ஆபீஸ் ஜன்னலுக்குள் சதாசிவம் தெரிந்தார். ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்கவில்லை. எதிர்முனையில் இருக்கும் மேனேஜருக்குத் தன் கை தெரியாது என்பதையே மறந்தவர்போல, வலது உள்ளங்கையை மார்புக்கு நேராக விரித்துக் கீழே அழுத்தினார். கை மெல்ல மெல்ல இறங்கி, மேசைப் பலகையைத் தொட்டு நின்றது. எடுத்து, மறுபடியும் அழுத்தினார்.